வீட்டு பியர் நொதித்து முடிந்ததா? பாட்டிலில் அடைக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதல் தடவை வீட்டில் பியர் போட்டவர்கள் பத்தாவது நாள் வாக்கில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏர்லாக்கில் குமிழி வருவது நின்றுவிட்டது, பாட்டிலில் ஊற்றிவிடலாமா?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏர்லாக் என்பது வாளி மூடியில் செருகும், உள்ளிருக்கும் வாயுவைக் குமிழியாக வெளியே விடும் சின்னச் சாதனம், அதில் குமிழி நின்றதை நம்பி ஊற்றாதீர்கள். கிட் பெட்டியில் 'ஒரு வாரத்தில் தயார்' என்று போட்டிருப்பதை நம்பியும் ஊற்றாதீர்கள். ஹைட்ரோமீட்டரில், அதாவது பியரின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவியில் அளந்து, இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி அளந்து, இரண்டு முறையும் ஒரே எண் வர வேண்டும். அந்த எண்ணும் வர வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் முடிந்தது என்று அர்த்தம். நுரை, குமிழி, தெளிவு எல்லாம் கூட நின்று உதவும், ஆனால் அவற்றை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை, வீட்டில் சொந்தத் தேவைக்கு பியர் தயாரிக்கச் சட்டம் அனுமதிக்கிற ஊர்களில் இருப்பவர்களுக்கு. பிரிட்டனில் 1963 வரை இதற்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது, அந்த ஆண்டு அதை எடுத்துவிட்டார்கள். விற்கக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகு மத்திய அரசு அளவில் அனுமதி கிடைத்தது, மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்து, கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் ஒத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம், அங்கே முயற்சி செய்ய வேண்டாம். கீழே வருகிற கணக்குகளுக்கு பிரிட்டனில் சாதாரணமாகப் போடுகிற ஒரு 23 லிட்டர் பேல் ஏல் (வெளிர் நிற ஏல் வகை பியர்) எடுத்துக்கொள்கிறேன். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, ஒரு ஏர்லாக், ஒரு பாக்கெட் யுஎஸ்-05 ஈஸ்ட். புதிதாக ஆரம்பிக்கிற பலரிடமும் இருப்பது இதுதான்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்

பாட்டிலில் அடைக்கும்போது கேஸ் வருவதற்காக நாமே கொஞ்சம் சர்க்கரை சேர்க்கிறோம். ஈஸ்ட் அதைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது, மூடி போட்டிருப்பதால் வாயு வெளியே போக வழியில்லாமல் பியருக்குள்ளேயே கரைகிறது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை போட்டால் ஏறக்குறைய ஒரு 'வால்யூம்' வாயு, அதாவது ஒரு லிட்டர் பியருக்கு ஒரு லிட்டர் வாயு. 20 டிகிரியில் நொதித்த பியரில் ஏற்கெனவே சுமார் 0.85 வால்யூம் கரைந்திருக்கும். பேல் ஏலுக்கு மொத்தம் 2.4 போதும் என்று வைத்தால், 23 லிட்டருக்கு 140 கிராம் சர்க்கரை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நாம் போட்ட சர்க்கரையைத் தவிர ஈஸ்ட் தின்ன வேறு எதுவும் பாட்டிலுக்குள் மிச்சம் இருக்கக் கூடாது.

மிச்சம் இருந்தால்? ஹைட்ரோமீட்டரில் தண்ணீர் 1.000, சர்க்கரை கரைந்திருக்க எண் அதற்கு மேல் நிற்கும், ஈஸ்ட் தின்னத் தின்ன இறங்கும். ஹைட்ரோமீட்டரில் 0.001 குறைவதற்கு வேண்டிய சர்க்கரை கிட்டத்தட்ட அரை வால்யூம் வாயுவைத் தரும். 1.010-இல் முடிய வேண்டிய பியரை 1.014-இல் இருக்கும்போதே அடைத்தால் கூடுதலாக இரண்டு வால்யூம் சேரும். 2.4 வர வேண்டிய இடத்தில் 4.4. சாதாரண பியர் பாட்டில் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது அல்ல. ஒரு பாட்டில் வெடித்தால் கண்ணாடிச் சில் அறை முழுக்கப் பறக்கும், பக்கத்து பாட்டில்களையும் உடைக்கும். கண்ணை இழக்கிற அளவுக்கு ஆபத்து. 1.014-க்கும் 1.010-க்கும் நடுவில் ஹைட்ரோமீட்டரில் இருப்பது இரண்டு சின்னக் கோடு, அதனால்தான் "பார்க்க முடிந்த மாதிரிதான் இருக்கிறது" என்பதை நான் ஏற்பதில்லை.

வாளிக்குள் என்ன நடக்கிறது

ஈஸ்ட் தூவிய அன்று ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் மேலே வெள்ளை நுரை கட்டத் தொடங்கும், ஏர்லாக் தட்டத் தொடங்கும். அடுத்த இரண்டு மூன்று நாள்தான் உச்சம். நுரை நாலு விரல், ஐந்து விரல் உயரத்துக்கு எழும்பும், அதன் மேல் பழுப்பாகப் பிசின் படியும். இந்த நுரையை க்ரொய்சன் என்பார்கள். ஈஸ்ட் வேலை செய்யும்போது சூடும் பிறக்கும், அதனால் வாளிக்குள் இருப்பது அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். அதன் பிறகு நுரை இறங்கும், குமிழி குறையும், பியர் மேலிருந்து மெல்லத் தெளியத் தொடங்கும்.

புதியவர்கள் தடுக்குவது இந்த இடத்தில்தான். நுரை இறங்கினால் பெரும்பகுதிச் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்லலாமே தவிர, எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஈஸ்ட் குளுக்கோஸ் போன்ற சின்னச் சர்க்கரைகளை முதலில் தின்னும், பிறகு மால்ட் சாற்றில் (முளைகட்டிய தானியத்திலிருந்து எடுக்கும் இனிப்புச் சாறு) மிக அதிகமாக இருக்கும் மால்டோஸ், கடைசியாகத்தான் மால்டோட்ரையோஸ். இந்தக் கடைசியை மெதுவாகத்தான் தின்னும். வெளியே சத்தமில்லாமல் உள்ளே வேலை நடக்கிற காலம் அது. கூடவே, ஆரம்பத்தில் வேகமாக ஓடும்போது விட்டுப்போன வேண்டாத வாசனைப் பொருள்களை ஈஸ்ட் திரும்ப உறிஞ்சிச் சுத்தம் செய்வதும் இந்த நாட்களில்தான். அதனால் அந்தச் சில நாட்களை வீண் என்று நினைக்காதீர்கள்.

ஏர்லாக் பற்றி: அது காற்று உள்ளே போகாமல் தடுக்க வந்த சாதனம், அளவுகோல் இல்லை. பிளாஸ்டிக் வாளியின் மூடி சரியாக உட்காராவிட்டால் வாயு ஓரமாகப் போய்விடும், அடியில் பியர் கொதித்துக்கொண்டிருந்தாலும் ஏர்லாக்கில் ஒரு குமிழிகூட வராது. இதற்கு நேர்மாறும் நடக்கும். நொதித்தல் முடிந்து ஒரு வாரம் ஆன பியர், அறையில் ஹீட்டர் போட்டதும் சூடேறி, கரைந்திருந்த வாயுவை வெளியே விட்டுக் குமிழியாகத் தட்டும். வெளியே மழை வரப்போகிறது, காற்றழுத்தம் குறைகிறது, அப்போதும் தட்டும். 'நிமிடத்துக்கு ஒரு குமிழி என்றால் முடிந்தது' என்று யாராவது விதி சொன்னால் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஹைட்ரோமீட்டரை எடுங்கள்.

முதல் வேலை: போட்ட அன்றே அளப்பது

ஈஸ்ட் போடுவதற்கு முன் மால்ட் சாற்றின் அடர்த்தியை அளந்து எழுதி வைக்க வேண்டும். இதுதான் ஆரம்ப கிராவிட்டி. தண்ணீர் 1.000 என்றால், சர்க்கரை கரைந்த மால்ட் சாறு அதைவிட எத்தனை மடங்கு கனம் என்பதுதான் அந்த எண். சாதாரண ஏல் 1.040-க்கும் 1.060-க்கும் நடுவில் இருக்கும். நம் உதாரணம் 1.048. மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டின்னில் செய்பவர்கள் மேலே ஊற்றும் தண்ணீரோடு நன்றாகக் கலக்கிவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் கெட்டியும் மேலே நீர்த்தும் இருந்து எண் தப்பாக வரும்.

ஹைட்ரோமீட்டர் என்பது அடியில் கனம் வைத்த ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே அளவு போட்ட காகிதம், மிதக்கவிட்டுப் படிக்க வேண்டும். 1784-இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன் இதை பியர் தொழிலுக்கென்று அளவீடு செய்து புத்தகம் போட்ட பிறகுதான் பெரிய ஆலைகள்கூட நாக்கையும் விரலையும் விட்டு எண்ணைப் பிடித்தன. வாங்கியதும் 20 டிகிரி தண்ணீரில் போட்டுப் பாருங்கள், 1.000 காட்ட வேண்டும். உள்ளே இருக்கும் காகிதம் நழுவியிருந்தால் 1.002 என்றோ 0.998 என்றோ காட்டும், அந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கழித்தோ கூட்டியோ பயன்படுத்தலாம். சில ஹைட்ரோமீட்டர் 15.6 டிகிரிக்கு அளவீடு செய்தது, காகிதத்திலேயே எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணை எதிர்பார்ப்பது

ஒவ்வொரு ஈஸ்ட்டும் சர்க்கரையில் எத்தனை சதவீதத்தைத் தின்னும் என்று ஒரு வழக்கம் உண்டு, அதற்கு அட்டென்யுவேஷன் என்று பெயர். தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில் இருக்கும். யுஎஸ்-05-க்கு ஏறக்குறைய 80 சதவீதம். 1.048-இல் அந்த 48-ஐ மட்டும் எடுத்து, 20 சதவீதம் மிச்சம் என்று கணக்கிட்டால் 9.6. ஆக 1.010 வாக்கில் முடியும் என்று எதிர்பார்க்கலாம். 48-இல் 10 போனால் 38, அதை 0.131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் கிட்டத்தட்ட 5 சதவீதம்.

ஆனால் இந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் மால்ட்டும் பேசும். தானியத்தை நீங்களே வெந்நீரில் ஊறவைத்துச் சாறெடுப்பவரானால் (இதற்கு மாஷ் என்று பெயர்), 64 டிகிரியில் வைத்த மாஷில் ஈஸ்ட்டுக்குத் தின்னக் கிடைக்கும் சர்க்கரை அதிகம், 69 டிகிரியில் வைத்தால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் அதிகம். ஒரே ஈஸ்ட், ஒரே ஆரம்ப எண், ஆனால் ஒன்று 1.008-இல் நிற்கும், மற்றது 1.014-இல். கேரமல் மால்ட், வறுத்த மால்ட் நிறையப் போட்டாலும் உயரத்தில்தான் நிற்கும். டின்னோடு ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை போட்டவர்களுக்கு இன்னும் கீழே இறங்கும், 1.006 வந்தாலும் ஆச்சரியமில்லை. மில்க் ஸ்டவுட் என்ற கறுப்பு பியருக்கு லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை போட்டால் அதை பியர் ஈஸ்ட் தொடவே தொடாது. 23 லிட்டரில் அரைக் கிலோ போட்டால் 0.008 அளவு அப்படியே மேலே நிற்கும். வின்ட்சர் என்ற ஆங்கில ஏல் ஈஸ்ட் மால்டோட்ரையோஸைத் தின்னாது, அதனால் 1.014, 1.016 என்று நின்று பலரைக் கலங்கடிக்கும். அது கோளாறு இல்லை, அதன் குணம் அப்படி.

எங்கே முடியும் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது, புதியவர்கள் அதிகம் செய்வதில்லை, ஆனால் நான் எல்லோருக்கும் சொல்வது. போட்ட அன்றே 200 மில்லி மால்ட் சாற்றைச் சுத்தமான ஒரு புட்டியில் தனியாக எடுத்து, அதில் அரைத் தேக்கரண்டி ஈஸ்ட் அள்ளிப் போட்டு, தளர்வாக மூடி, 25 டிகிரிக்கு மேல் இருக்கும் இடத்தில் வைத்து அவ்வப்போது குலுக்கிவிடுங்கள். ஈஸ்ட் மிக அதிகம், சூடும் அதிகம், அதனால் இரண்டு மூன்று நாளில் அது முடிந்துவிடும். அந்தப் புட்டி எந்த எண்ணில் நிற்கிறதோ, பெரிய வாளியும் அதற்கு மிக அருகில்தான் வந்து நிற்க வேண்டும். குடிக்க லாயக்கில்லை, அளந்ததும் கொட்டிவிடலாம்.

மாதிரி எடுப்பது, படிப்பது

தினமும் மூடியைத் திறக்காதீர்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் உள்ளே போகிறது, கிருமிக்கும் வாய்ப்பு. சாதாரண ஏலுக்குப் பத்தாவது நாள் முதல் அளவு எடுத்தால் போதும். நுரை இன்னும் மேலே நின்றுகொண்டிருந்தால் அளக்கவே வேண்டாம், காத்திருங்கள்.

வாளியில் குழாய் இருந்தால் வேலை சுலபம். குழாய் வாயில் சானிட்டைசர் தெளித்து, முதலில் வரும் கலங்கலைக் கொஞ்சம் விட்டுவிட்டு, அளவைக் குழலில் பிடியுங்கள், முடிந்ததும் வாயில் மறுபடி தெளியுங்கள். குழாய் இல்லாவிட்டால் சானிட்டைசரில் நனைத்த பிப்பெட்டோ, இறைச்சிக்கு மேல் சாறு ஊற்றுகிற பெரிய சிரிஞ்சோ பயன்படும். ஹைட்ரோமீட்டரை நேராக வாளிக்குள் மிதக்கவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள், நான் அதை விரும்புவதில்லை. உடைந்தால் 23 லிட்டரும் போச்சு, நுரையும் ஒட்டிக்கொள்ளும். எடுத்த மாதிரியைத் திரும்ப வாளியில் ஊற்றவும் வேண்டாம்.

இப்போது மிக முக்கியமான விஷயம், மாதிரியில் இருக்கும் வாயுவை வெளியேற்ற வேண்டும். நொதித்த பியரில் கரைந்திருக்கும் கரியமில வாயு குமிழியாக ஹைட்ரோமீட்டரின் உடம்பில் ஒட்டி அதை மேலே தூக்கும், எண் இரண்டு மூன்று புள்ளி (ஒரு புள்ளி என்றால் 0.001) உயர்ந்து தெரியும். இரண்டு டம்ளருக்கு நடுவில் ஏழெட்டு முறை ஆற்றிவிட்டு, நுரை அடங்கியதும் அளவைக் குழலில் ஊற்றி, ஹைட்ரோமீட்டரைப் போட்டு ஒரு சுழற்று சுழற்றிவிடுங்கள், குழலின் சுவரில் ஒட்டாமல் நடுவில் நிற்கட்டும். கண்ணை திரவ மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கண்ணாடியை ஒட்டித் திரவம் கொஞ்சம் மேலேறி வளைந்திருக்கும், அதைப் படிக்கக் கூடாது, நடுவில் தட்டையாக இருக்கும் மட்டத்தைப் படிக்க வேண்டும்.

வெப்பநிலையையும் பாருங்கள். 20 டிகிரிக்கு அளவீடு செய்த கருவியில், மாதிரி 25 டிகிரியில் இருந்தால் 0.001 கூட்டுங்கள், 30 டிகிரியில் இருந்தால் 0.002-க்கும் 0.003-க்கும் நடுவில். 15 டிகிரியில் இருந்தால் 0.001 கழியுங்கள். எளிதான வழி, மாதிரியை அரை மணி நேரம் வெளியே வைத்து 20-க்குக் கொண்டுவந்துவிட்டு அளப்பது, வாயுவும் இன்னும் கொஞ்சம் போய்விடும்.

ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு சொட்டு போதும் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் ஆல்கஹால் வந்த பிறகு அது காட்டும் எண் நேரடியாகச் செல்லாது. 1.048-இல் ஆரம்பித்து 1.010-இல் முடிந்த பியரை அது 1.020-க்கும் மேலே காட்டும், நீங்கள் நொதித்தல் பாதியில் நின்றுவிட்டது என்று நினைத்து இன்னொரு பாக்கெட் ஈஸ்ட்டைக் கொட்டுவீர்கள். ஆரம்ப எண்ணோடு சேர்த்துத் திருத்தம் செய்யும் கணக்கி இணையத்தில் கிடைக்கும். எண் மாறுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கத் திருத்தம் இல்லாமலே உதவும். வாளிக்குள் மிதக்கவிட்டுப் போனில் எண்ணைக் காட்டும் டில்ட் போன்ற கருவிகளும் அப்படித்தான், கோடு கீழே போகிறதா படுத்துவிட்டதா என்பதைக் காட்டுவதில் அருமை, கடைசி எண்ணை மட்டும் கண்ணாடி ஹைட்ரோமீட்டரில் சரிபார்த்துவிடுங்கள்.

இரண்டாவது அளவு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. பத்தாம் நாள் 1.011 காட்டியது என்றால், அது 1.012-இலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும் 1.011-ஆ, அங்கேயே நின்றுவிட்ட 1.011-ஆ என்று அந்த ஒரு எண் சொல்லாது. இரண்டு அல்லது மூன்று நாள் விட்டு மறுபடி அளக்க வேண்டும். மறுநாளே அளப்பதில் பயனில்லை, கடைசிக் கட்டத்தில் ஒரு நாளில் இறங்கும் அளவு கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாக இருந்து, எதிர்பார்த்த எண்ணுக்கு இரண்டு மூன்று புள்ளிக்குள் இருந்தால் முடிந்தது. ஒரு புள்ளி இறங்கியிருந்தாலும் இன்னும் மூன்று நாள் விடுங்கள். பியர் மூடிய வாளியில் ஈஸ்ட் மேலேயே இரண்டு மூன்று வாரம் இருப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது, அந்த பயத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

நாக்கும் மூக்கும்

அளந்த மாதிரியைக் கொட்டாதீர்கள், குடித்துப் பாருங்கள். கேஸ் இல்லாமல், வெதுவெதுப்பாக, ஆனால் பியர் போலவே இருக்க வேண்டும். சர்க்கரைப் பாகு போல நாக்கில் தித்தித்தால் எண்ணை மறுபடி சந்தேகப்படுங்கள். பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் அது அசிட்டால்டிஹைடு, ஈஸ்ட் இன்னும் வேலையை முடிக்கவில்லை. வெண்ணெய் அல்லது சினிமா தியேட்டர் பாப்கார்ன் வாசனை வந்தால் டையசெட்டில். எண் நின்ற பிறகும் இவை இருக்கலாம். அதனால் சர்க்கரை முடிந்தது வேறு, பியர் முடிந்தது வேறு என்று நினைவில் வையுங்கள்.

டையசெட்டிலில் சிக்கல் என்னவென்றால் அது உருவாவதற்கு முந்தைய பொருளுக்கு வாசனையே கிடையாது, பாட்டிலில் அடைத்து ஒரு மாதம் கழித்துத்தான் வெண்ணெயாக மாறி வெளியே வரும். இதை முன்கூட்டிப் பிடிக்க ஆலைகளில் செய்கிற சோதனையை அடுப்படியிலேயே செய்யலாம். இரண்டு மூடிபோட்ட புட்டியில் கொஞ்சம் கொஞ்சம் பியர் எடுத்து, ஒன்றை 60 முதல் 65 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, பிறகு ஆறவிட்டு, இரண்டையும் திறந்து மோந்து பாருங்கள். சூடு செய்ததில் மட்டும் வெண்ணெய் வாசனை வந்தால் ஒளிந்திருக்கிறது என்று பொருள், வாளியை இரண்டு டிகிரி உயர்த்தி மூன்று நாள் விட்டுவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். இரண்டிலும் இல்லை என்றால் நிம்மதியாக அடைக்கலாம். லாகர் போடுபவர்களுக்கு இது கட்டாயம். 10, 12 டிகிரியில் நொதிக்கும் லாகரை முடிவுக்கு நாலைந்து புள்ளி இருக்கும்போதே 16, 18 டிகிரிக்கு உயர்த்தி இரண்டு மூன்று நாள் வைப்பது அதற்காகத்தான்.

எண் உயரத்திலேயே நின்றுவிட்டால்

1.020-இல் நின்று அசையவில்லை. முதலில் ஹைட்ரோமீட்டரைத் தண்ணீரில் சோதியுங்கள், வாயுவை வெளியேற்றினீர்களா என்று யோசியுங்கள், ரிஃப்ராக்டோமீட்டர் எண்ணா என்று பாருங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். அடுத்தது சூடு. பிரிட்டிஷ் குளிர்காலத்தில் இரவு ஹீட்டர் அணைந்ததும் சமையலறை 13, 14 டிகிரிக்குப் போகும், ஏல் ஈஸ்ட் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், எஸ்-04 மாதிரி சீக்கிரம் படிகிற ஈஸ்ட் என்றால் இன்னும் மோசம். வாளியை வெதுவெதுப்பான அலமாரிக்கு மாற்றி 20, 22 டிகிரிக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறக்காமல் மெதுவாகச் சுழற்றி அடியில் இருக்கும் ஈஸ்ட்டைக் கிளப்பிவிட்டு, நாலு நாள் விடுங்கள். குலுக்கிக் காற்றைச் சேர்க்கக் கூடாது, ஈஸ்ட் போடும் அன்று மட்டும்தான் ஆக்சிஜன் நல்லது, இப்போது போனால் பியர் அட்டைப்பெட்டி வாசனை அடிக்கும்.

அப்படியும் அசையவில்லை, முதல் நாள் தனியாக எடுத்த புட்டி 1.011 காட்டுகிறது என்றால் உண்மையிலேயே நின்றுவிட்டது. புது ஈஸ்ட்டைக் கொஞ்சம் மால்ட் சாற்றில் போட்டு, அது நுரைத்து ஓடும் நிலையில் வாளியில் சேருங்கள். உலர்ந்த ஈஸ்ட்டை நேராகத் தூவினால் ஆல்கஹால் நிறைந்த இடத்தில் பெரும்பாலும் எழுந்திருக்காது. புட்டியும் 1.019-இல்தான் நிற்கிறது என்றால் அது நொதித்தலின் கோளாறு இல்லை, மாஷ் சூட்டின் விளைவு. பியர் கொஞ்சம் கனமாக இருக்கும், அடைத்துக்கொள்ளலாம்.

வழக்கத்துக்கு மாறாக நடப்பவை

நொதித்தல் முடிந்ததும் ஹாப்ஸை (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) நேராக வாளியில் போடுபவர்கள் கவனிக்க. ஹாப்ஸில் இருக்கும் என்சைம்கள் ஈஸ்ட் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரினை உடைத்துத் தின்னக்கூடிய சர்க்கரையாக்கும், நின்றிருந்த எண் மறுபடி இறங்கத் தொடங்கும். பிரவுன், மாரிஸ் என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் 1893-இலேயே இதை எழுதிவிட்டார்கள், ஹாப்ஸை அள்ளிக் கொட்டுகிற ஐபிஏ வகை பியரின் காலம் வந்த பிறகு உலகம் மறுபடி கண்டுபிடித்து ஹாப் கிரீப் என்று பெயர் வைத்தது. ஆகவே ஹாப்ஸ் போடுவதற்கு முன் எடுத்த இரண்டு அளவு செல்லாது, போட்ட பிறகு மறுபடி இரண்டு எடுக்க வேண்டும்.

சேஸோன் என்ற பெல்ஜிய வகை பியருக்கான ஈஸ்ட்களில் சிலவற்றுக்கு இந்த வேலையைத் தானே செய்யும் திறமை உண்டு. டையஸ்டாட்டிகஸ் என்று பாக்கெட் விவரத்தில் போட்டிருக்கும். இவை 1.004, 1.002 என்று மெதுவாக வாரக்கணக்கில் இறங்கும், அவற்றுக்கு அளவுகளுக்கு இடையில் ஒரு வாரமாவது விடுங்கள். நார்வேயின் க்வைக் ஈஸ்ட் இதற்கு நேர் எதிர், 35 டிகிரியில் நாலைந்து நாளில் முடித்துவிடும், ஆனால் அதற்கும் இரண்டு அளவு உண்டு. 1.080-க்கு மேல் ஆரம்பித்த கனமான ஸ்டவுட்டுக்கு மூன்று நாலு வாரம் ஆகலாம். சாதாரண ஏல் ஈஸ்ட் போட்டிருந்தும் எண் 1.004-க்குக் கீழே போய்க்கொண்டே இருந்து, மேலே வெள்ளைப் படலமும் புளிப்பும் வந்தால் வேறு நுண்ணுயிர் புகுந்துவிட்டது. அதைக் கண்ணாடி பாட்டிலில் அடைக்க வேண்டாம்.

முடிந்தது என்று உறுதியான பிறகுதான் வாளியைக் குளிரில் வைத்துத் தெளியவிட வேண்டும். முன்னாலேயே குளிர வைத்தால் ஈஸ்ட் படிந்துவிடும், எண் அசையாது, பியரும் தெளிவாகத் தெரியும், பாட்டில் மறுபடி அறைச் சூட்டுக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும். பார்வைக்கு மிக அழகாக இருந்து ஏமாற்றுவது இந்த பியர்தான்.

அடைக்கும்போது ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் ஊற்றி, அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடி வையுங்கள். கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்பதை அதைக் கையால் அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு வாரம் பத்து நாளில் கெட்டியாவது சரி. மூன்றாம் நாளே கல் மாதிரி ஆகிவிட்டது, அல்லது கெட்டியான பிறகும் வாரா வாரம் இன்னும் இறுகிக்கொண்டே போகிறது என்றால் உள்ளே மிச்சச் சர்க்கரை இருக்கிறது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, பாட்டில்களைப் பெட்டியோடு தூக்கிக் குளிர்ந்த இடத்துக்கு, முடிந்தால் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு, ஒவ்வொன்றையும் தடித்த துண்டால் சுற்றி, மூடியை லேசாகத் தூக்கி வாயுவை விட்டு, புது மூடி போடுங்கள். தேவைப்பட்டால் இரண்டு நாள் கழித்து மறுபடி. ஏற்கெனவே ஒரு பாட்டில் வெடித்திருந்தால் மற்றவற்றைக் காப்பாற்றப் போகாதீர்கள், கனமான போர்வையை மேலே போட்டு மூடி, அறையின் சூட்டைக் குறைத்து, ஒரு நாள் முழுக்கக் குளிரவிட்ட பிறகே கிட்டே போங்கள்.